தெற்கை விட்டு வந்தபின் பொரித்த கோழிக்கு ஏங்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் மெம்ஃபிஸில் குப்பை கொட்டிவிட்டு, வேலை மாற்றலில் சியாட்டில் பக்கம் வந்து நாலு வருடம் ஆகிறது. இங்கே கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, மீன் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மனசு டென்னசிக்கு ஓடிவிடுகிறது. என்னைப் போலவே அட்லாண்டா, பர்மிங்ஹாம், நாஷ்வில் என்று இருந்துவிட்டு வேறு ஊர்களுக்குப் போன நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தெற்கு என்றால் எந்தத் தெற்கு? செட்டிநாடா, திருநெல்வேலியா?

இரண்டும் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்கள்: வர்ஜீனியா, இரண்டு கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, கென்டக்கி, லூயிசியானா, அந்த வட்டாரம். அங்கே இருந்தவர்கள் வெறுமனே 'சவுத்' என்பார்கள். நம் வீட்டில் அப்படிச் சொன்னால் மாமியார் நாகர்கோவிலை நினைத்துக்கொள்கிறார்.

அப்படி என்னதான் அதில்? கோழி எங்கேயும் கோழிதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மெம்ஃபிஸ் போன முதல் மாதம், காருக்குப் பெட்ரோல் போட நின்ற இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் விளக்கின் கீழே கோழி வைத்திருந்தார்கள். பெட்ரோல் பங்கில் யாராவது கறி வாங்கித் தின்பார்களா என்று தயங்கினேன். எனக்கு முன்னால் நின்றவர் எட்டு பீஸ் வாங்கியதைப் பார்த்து இரண்டு வாங்கினேன். காரில் உட்கார்ந்து கடித்தபோது தோல் அப்பளம்போல் நொறுங்கியது. உள்ளே சாறு சூடாக ஓடி முழங்கை வரை வந்தது. உப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதம்.

அங்கே இது வழக்கம். மிசிசிப்பியிலும் டென்னசியிலும் நல்ல கோழி தேடுபவன் பெட்ரோல் பங்கை ஒதுக்க மாட்டான்.

பிறகு எதிர்வீட்டு அம்மா செய்வதைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி, மிசிசிப்பியில் பிறந்தவர். மாவு, உப்பு, மிளகுத்தூள் எல்லாவற்றையும் பழுப்பு நிற மளிகைப் பையில் கொட்டி, பட்டர்மில்க்கில் ஊறிய துண்டுகளை இரண்டிரண்டாகப் போட்டு, பையின் வாயைப் பிடித்துக் குலுக்குவார். எண்ணெய் காய்ந்ததா என்று நாம் வடைக்குப் பார்ப்பதுபோலவே ஒரு கிள்ளு மாவு போட்டுப் பார்ப்பார். கோழியை இறக்கியதும் அடுப்பைப் பார்க்கவே மாட்டார், என்னோடு பேசிக்கொண்டிருப்பார். காது மட்டும் அங்கே இருக்கும். முதலில் சடசடவென்று மழை கொட்டுவதுபோல் சத்தம். கறியிலுள்ள தண்ணீர் வெளியேற வெளியேற அது தணிந்து மெல்லிய சளசளப்பாகும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் திருப்பிப் போடுவார். கடிகாரமோ வெப்பமானியோ அவரிடம் இருந்ததே இல்லை.

ஊர் முழுக்க கேஎஃப்சி இருக்கிறதே, அது தெற்குக் கோழிதானே?

பெயரில் கென்டக்கி இருக்கிறது. அதைத் தொடங்கிய ஹார்லண்ட் சாண்டர்ஸ் கென்டக்கியின் கார்பின் ஊரில் சாலையோரத்தில் சமைத்துப் பெயர் வாங்கியவர் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெயரில் முதல் கிளை உரிமம் திறந்தது 1952இல், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில்! தெற்கிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். அங்கே இருந்த ஜனத்துக்குக் கென்டக்கி என்றால் தூர தேசம், அதனாலேயே பெயர் எடுபட்டது. ஆக, 'தெற்கு' என்று பலகை எழுதி தெற்குக்கு வெளியே விற்பது இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை.

சாண்டர்ஸ் 1939 வாக்கில் பிரஷர் குக்கரில் பொரிக்க ஆரம்பித்தார். இரும்புச் சட்டியில் அரை மணி ஆகிற வேலை அதில் சில நிமிடத்தில் முடியும். வியாபாரத்துக்கு அதுதான் சரி. ஆனால் அழுத்தத்தில் வெந்த கோழியின் மேல்தோல் மெத்தென்று ஆகும், சட்டியில் பொரிந்த மொறுமொறுப்பு வராது. சங்கிலிக் கடைகளில் அவசரத்துக்கு நான் போவது பாப்பாய்ஸ். 1972இல் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய அராபியில் தொடங்கியது. நல்ல நாளில், அப்போதுதான் எடுத்த கோழி கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். கெட்ட நாளைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்படியானால் தெற்குக்கு வெளியே நல்ல கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் இருக்கும் ஒரே உருப்படியான யோசனை இதுதான்: பலகையைப் பார்க்காதீர்கள், அடுப்படியில் நிற்பவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள்.

1910 முதல் 1970 வரை ஏறக்குறைய அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். இனவெறிச் சட்டமும் கொலையும் துரத்த, வேலை இழுக்க. மிசிசிப்பி, மெம்ஃபிஸ் பக்கத்துக்காரர்கள் இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறி சிகாகோ போனார்கள். கரோலினா, ஜார்ஜியாக்காரர்கள் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா. டெக்சஸ், லூயிசியானாக்காரர்கள் கலிஃபோர்னியா. அவர்களோடு கோழியும் போயிற்று. அந்த ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் நல்ல கடை அகப்படும்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஹெரால்ட் பியர்ஸ் 1950இல் தொடங்கிய ஹெரால்ட்ஸ் இருக்கிறது. கோழிக்கு அடியில் ரொட்டித் துண்டு, மேலே 'மைல்ட் சாஸ்' என்று ஒரு சிவப்புக் குழம்பு. நியூயார்க்கின் ஹார்லெமில் வட கரோலினாவிலிருந்து வந்த சார்லஸ் கேப்ரியல் பெரிய இரும்புச் சட்டியில் துண்டு துண்டாகத் திருப்பிப் போட்டே பெயர் எடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் 1975 முதல் ராஸ்கோஸ், அங்கே வாஃபிளும் கோழியும் ஒரே தட்டில். அதைத் திறந்தவர் ஹார்லெமிலிருந்து வந்தவர். ஹார்லெமில் 1938இல் தொடங்கிய வெல்ஸ் என்ற கடையில் இசைக் கச்சேரி முடித்து நடுராத்திரிக்கு மேல் வருகிறவர்களுக்கு அதே ஜோடியைத்தான் போட்டார்கள். என் ஊரான சியாட்டிலில் எசெல்ஸ், 1984இல் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் கிழக்கு டெக்சஸின் மார்ஷல் ஊர்க்காரர்கள். ஓப்ரா வின்ஃப்ரி இந்தக் கோழியை விமானத்தில் சிகாகோவுக்கு வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார். வசதியுள்ளவர் ஏங்கினால் அப்படி. நான் நாற்பது நிமிடம் கார் ஓட்டிப் போகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியும். 'இருபது நிமிடம் ஆகும்' என்று சொன்னால் உட்காருங்கள், நல்ல சகுனம். தொடை, கால், இறக்கை, நெஞ்சு என்று தனித்தனியாகக் கேட்க முடிந்தால் அதுவும் நல்லது. எலும்பில்லாத துண்டு மட்டும் இருந்தால் வேறு ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம். மேஜையில் ஹாட் சாஸ் பாட்டில் இருக்க வேண்டும்.

கோழி மேல் மைக்ரோகிரீன் என்கிற குட்டிக் கீரைத் தளிர் தூவியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே ஒரு கடையில் 'பாட்டி வீட்டுத் தெற்குக் கோழி' என்று போட்டு இரண்டு பீஸுக்கு 24 டாலர் வாங்கினார்கள். எலும்பருகே ரத்தம், மேலே லாவெண்டர் தேன். எந்தப் பாட்டி என்று கேட்க வாய் வரை வந்தது.

நாஷ்வில் ஹாட் சிக்கன்தான் தெற்குக் கோழியா? இப்போது எங்கே பார்த்தாலும் அதுதானே?

அது ஒரு கிளை. ஒரே ஊரின், அதுவும் அந்த ஊரின் ஒரு பகுதியின் சமையல். 1930களில் நாஷ்வில்லில் தார்ன்டன் பிரின்ஸ் என்றொருவர் ஊர் சுற்றிவிட்டு விடிய விடிய வீடு வந்தாராம். கோபத்திலிருந்த காதலி காலைச் சாப்பாட்டுக் கோழியில் மிளகாயை அள்ளிக் கொட்டிவிட்டாள். மனிதர் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு அதையே கடையாக்கிவிட்டார் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். கதை சொன்னவர்களுக்கு அந்தப் பெண்ணின் பெயர் நினைவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். 1980இல் பிரின்ஸ் குடும்பத்தின் ஆன்ட்ரே பிரின்ஸ் ஜெஃப்ரீஸ் என்ற பெண்மணி கடையை ஏற்று நடத்தத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்குள்ளேயே இருந்தது. 2007இல் நகரம் திருவிழா எடுக்க ஆரம்பித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

அசல் முறையில் பொரித்த கோழி மேல், கெயென் மிளகாய்த்தூளைச் சூடான கொழுப்பில் குழைத்துத் தடவுவார்கள். கீழே வெள்ளை ரொட்டி, மேலே வெள்ளரி ஊறுகாய் வில்லை. 'நாம ஆந்திரா மெஸ்ஸையே பார்த்தவங்க' என்று மார்தட்டிப் போன என் நண்பர் உச்சக் காரத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நம் காரத்தில் புளியும் தேங்காயும் சோறும் துணைக்கு இருக்கின்றன. அங்கே மிளகாயும் கொழுப்பும் மட்டும். முதல் தடவை 'மீடியம்' கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஏக்கம் முழுசாகத் தீர்வது அதில்தான். முதல் தடவை கெட்டுப்போகும். சியாட்டிலில் நான் செய்த முதல் கோழி வெளியே தேங்காய் ஓடு நிறம், உள்ளே பச்சை ரத்தம். பிள்ளைகள் அன்று நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். காரணம் கோழியின் அளவு.

கோழியின் அளவில் என்ன இருக்கிறது?

பாதி வெற்றி அதில்தான். பெரிய கடைகளில் கிடைக்கும் கோழி ஐந்து ஆறு பவுண்டு இருக்கும். நெஞ்சுத் துண்டு மட்டும் செங்கல் மாதிரி. அது உள்ளே வேகும்போது மாவு கருகிவிடும். மூன்று, மூன்றரை பவுண்டுக் கோழி வேண்டும். நம் கணக்கில் ஒன்றரை கிலோ. ஹலால் கடையிலும் மெக்சிகோக்காரர் கறிக்கடையிலும் கிடைக்கும். ஹலால் கடையில் நம் முகத்தைப் பார்த்ததுமே தோலை உரிக்கத் தொடங்கிவிடுவார்கள். 'வித் ஸ்கின், பாய், வித் ஸ்கின்' என்று முதலிலேயே கத்திவிடுங்கள். எட்டுத் துண்டு போதும், நெஞ்சு பெரிதாக இருந்தால் அதைக் குறுக்கே வெட்டிப் பத்தாக்கலாம். பழைய ஆட்கள் கவட்டை எலும்பைச் சதையோடு தனித் துண்டாக எடுப்பார்கள். அதற்கு 'புல்லி போன்' என்று பெயர், வீட்டில் பிள்ளைகள் அதற்குத்தான் அடித்துக்கொள்ளும்.

தோலோடா? உடம்புக்கு ஆகுமா?

தோலோடுதான். உடம்பைப் பற்றித் திங்கட்கிழமை யோசிக்கலாம்.

பட்டர்மில்க் என்றால் நம் மோர்தானே?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அமெரிக்கக் கடையில் விற்கும் பட்டர்மில்க் கொழுப்பு குறைந்த பாலைப் புளிக்கவைத்துச் செய்தது. ஊற்றினால் மெதுவாக, கெட்டியாக விழும். நாம் வெயிலுக்குக் குடிக்கும் நீர்மோரில் கோழியை ஊறவைத்தால் மாவு ஒட்டாது. அது கிடைக்காத ஊரில் புளித்த தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து, இட்லி மாவை விட ஒரு பங்கு இளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புளிப்பு கறியை மெல்ல இளக்கும்.

முதலில் உப்புத் தூவி சில மணி நேரம், பிறகு பட்டர்மில்க்கில் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். உப்பு உள்ளே இறங்காத கோழிக்கு வெளியே என்ன போட்டும் பயன் இல்லை.

மசாலா என்ன? இஞ்சி பூண்டு விழுது?

வேண்டாம். உப்பு, நிறைய மிளகுத்தூள், பாப்ரிகா என்கிற காரம் குறைந்த மிளகாய்த்தூள், கொஞ்சம் கெயென், பூண்டுப் பொடி. எதிர்வீட்டு அம்மா உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் போட மாட்டார். கேஎஃப்சியின் பதினோரு ரகசிய மூலிகை விளம்பரம் நம் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. ரகசியம் என்று தேடினால் ஊறவைத்த நேரத்திலும் எண்ணெயின் சூட்டிலும் தேடுங்கள். இஞ்சி, கரம் மசாலா, கறிவேப்பிலை சேர்த்தால் அருமையாக இருக்கும், நானே செய்வேன். அது சிக்கன் 65இன் தம்பி, தெற்குக் கோழி இல்லை.

மாவு?

மைதா போதும். இரண்டு கப்புக்கு கால் கப் சோள மாவு (கார்ன்ஸ்டார்ச்) சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். கோழி ஊறிய பட்டர்மில்க்கில் இரண்டு கரண்டி எடுத்து மாவில் தெளித்து விரலால் பிசிறிவிடுங்கள், அந்த உதிரிகள்தான் தோலில் கரடுமுரடாக ஒட்டும். மாவு புரட்டிய துண்டுகளை அரை மணி தட்டில் வைத்துவிடுங்கள். ஈரம் மாவுக்குள் ஊறி ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் போட்டால் எண்ணெயில் சட்டை கழற்றிவிடும்.

நியூ ஆர்லியன்ஸில் வில்லி மேஸ் ஸ்காட்ச் ஹவுஸ் என்று ஒரு கடை. 1957இல் மதுக்கடையாகத் தொடங்கி, பிறகு கோழிக்குப் பெயர்போனது. அங்கே உலர்ந்த மாவு கிடையாது, நம் பஜ்ஜி போலக் கரைத்த மாவில் தோய்த்துப் போடுவார்கள். கண்ணாடி உடைவதுபோல் உடையும். வீட்டில் எனக்கு அது கைகூடவில்லை.

எந்த எண்ணெய்?

ரீஃபைண்ட் கடலை எண்ணெய். செக்கு எண்ணெய் வேண்டாம், கோழி முழுக்கக் கடலை வாசம்தான் வரும். பழைய முறையில் பன்றிக் கொழுப்பு. 1911இல் கிரிஸ்கோ என்கிற தாவரக் கொழுப்பு வந்த பிறகு பல வீடுகள் அதற்கு மாறின.

கொழுப்பு என்றதும் எட்னா லூயிஸைச் சொல்லாமல் முடியாது. 1916இல் வர்ஜீனியாவின் ஃப்ரீடவுனில் பிறந்தவர். விடுதலையான அடிமைகள் உருவாக்கிய சிற்றூர் அது, அவர் தாத்தாவும் அவர்களில் ஒருவர். 1949 முதல் நியூயார்க்கில் கஃபே நிக்கல்சன் என்ற உணவகத்தில் சமைத்தார். பன்றிக் கொழுப்போடு வெண்ணெய் சேர்த்து, உப்பிட்ட ஹாம் ஒரு துண்டும் அதில் போட்டு வாசமேற்றி, அந்தக் கொழுப்பில் கோழியைப் பொரிக்கிற பக்குவம் அவருடையது. ஊரைவிட்டு வெகு தூரம் வந்து உட்கார்ந்துகொண்டு தெற்கை எழுதியும் சமைத்தும் காட்டியவர். நம் ஜாதி.

சட்டி, சூடு, நேரம்?

கனமான இரும்புச் சட்டி. அங்கே எல்லார் வீட்டிலும் டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் வார்க்கும் லாட்ஜ் சட்டி இருக்கும், 1896 முதல் இயங்கும் நிறுவனம். நம் வீட்டு அகன்ற இருப்புச் சட்டியும் ஆகும், அடி தட்டையாக இருக்க வேண்டும்.

எண்ணெய் கோழித் துண்டின் பாதி உயரம் வரை இருந்தால் போதும், முழுக வேண்டாம். 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175 செல்சியஸ் வந்ததும் தோல் பக்கம் கீழே இருக்க இறக்குங்கள். நெருக்கிப் போடாதீர்கள். சூடு சட்டென்று இறங்கும். 300க்கும் 325க்கும் இடையில் பிடித்து நிறுத்துங்கள். மூடி போட்டு எட்டுப் பத்து நிமிடம், திருப்பிப் போட்டு மூடாமல் இன்னொரு எட்டுப் பத்து நிமிடம். மூடியைத் திறக்கும்போது அதிலுள்ள தண்ணீர் எண்ணெயில் சொட்டாமல் பக்கவாட்டில் எடுங்கள். என் மணிக்கட்டில் அதற்கு அடையாளம் இருக்கிறது. கறிக்கு உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் வெந்தது என்று கணக்கு. தொடையும் காலும் 175 வரை போனால்தான் எலும்பை விட்டு வரும். எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தின் மேல் வைத்தால் அடியில் ஆவி தங்கி ஊறிப்போகும்.

ஏர் ஃப்ரையரில்?

செய்யுங்கள். வேறு பெயர் வையுங்கள்.

தெற்குக்குப் போய்வரும் நண்பரிடம் வாங்கிவரச் சொல்லலாமா? விமானத்தில் விடுவார்களா?

அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் பொரித்த கோழியைக் கையில் கொண்டுவரலாம். கிரேவியும் ஹாட் சாஸும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெட்டியில் போட வேண்டும். சூடாக மூடிக் கட்டாதீர்கள், ஆறவிட்டுக் காகிதத்தில் சுற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் 400 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் கம்பித் தட்டில் பதினைந்து நிமிடம். மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள்.

ஆறின கோழி என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். இனப்பிரிவினைக் காலத்தில் ரயிலின் உணவுப் பெட்டியில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை, வழியிலுள்ள உணவகங்களும் உள்ளே விடாது. வீட்டில் பொரித்த கோழியைச் செருப்புப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் அத்தனை பேரும் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போனார்கள். கெடாமல் தாங்கியது, கையால் சாப்பிட முடிந்தது. நமக்குப் புளிச்சோறு எப்படியோ அப்படி.

அதற்கும் முன்னால், உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில், வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் விடுதலையான பெண்கள் தட்டைத் தலையில் சுமந்து நின்று, ரயில் ஜன்னலுக்கு ஜன்னல் கோழியும் காபியும் விற்றார்கள். மணப்பாறையில் முறுக்கு வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காசில் சிலர் வீடே கட்டினார்கள்.

கறுப்பின நண்பர்களிடம் 'உங்க சாப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று சொல்லலாமா?

யோசித்துப் பேசுங்கள். பல தோட்டங்களில் அடிமைகள் தமக்கென்று வளர்க்க முடிந்தது கோழி மட்டும்தான், பொரித்தவர்களும் அவர்களே. பிற்பாடு அதையே வைத்து அவர்களைக் கோழித் திருடர்கள், கோழிப் பைத்தியங்கள் என்று கேலிப்படம் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அலுவலக விருந்தில் ஒருவரைப் பார்த்துக் கோழி பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். நன்றாகச் சமைத்தவரிடம் நன்றாக இருந்தது என்று சொல்வதில் ஒரு தவறும் இல்லை.

லண்டனில் இருக்கிறேன். எனக்கு ஏதாவது?

அங்கே தெருவுக்கொரு சிக்கன் ஷாப், பாதிக் கடைகளுக்கு அமெரிக்க மாநிலங்களின் பெயர். நம் ஆட்களுக்கு ஒரு செய்தி: தெற்கு லண்டனில் எல்லாருக்கும் தெரிந்த மார்லீஸ், இலங்கையிலிருந்து போன செல்வேந்திரன் 1985இல் சிடனமில் தொடங்கியது. அது டென்னசிக் கோழியாக இராது. ராத்திரி பதினோரு மணிப் பசிக்கு அப்படியெல்லாம் கேட்கவும் தோன்றாது.

கூட என்ன வைப்பது?

பிஸ்கட். நம் டீயில் நனைக்கும் பிஸ்கட் இல்லை, ஏடு ஏடாகப் பிரியும் மெத்தென்ற உருண்டை. அதற்கு வைட் லில்லி என்ற மென்மையான கோதுமை மாவு வேண்டும், டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883இல் பிறந்தது. தெற்குக்கு வெளியே கடையில் சுலபமாகக் கிடைக்காது, நான் ஆன்லைனில் வாங்குகிறேன். பிறகு காலர்ட் கீரை, காராமணி, வெண்டைக்காய். கடைசி இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து போனவை, நம் வீட்டில் எப்போதும் இருப்பவை. வெண்டைக்காயை நம் வழக்கப்படியே வதக்கி வைத்துவிடுகிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது?

ஆறியதும் துணியில் வடிகட்டி வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு தடவை வரும். தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். ஊற்றி எடுக்கும்போது சட்டியின் அடியில் மூன்று கரண்டி எண்ணெயையும் உதிர்ந்த மாவுப் பொடியையும் விட்டுவைத்து, அதே அளவு மைதா போட்டுப் பொன்னிறமாக வறுத்து, இரண்டு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். உப்பு, மிளகு கண்டிப்பாகத் தூக்கலாக. கெட்டிப்பட்டதும் இறக்கி பிஸ்கட் மேல் ஊற்றுங்கள். சட்டியைச் சோப்புப் போட்டு ஊறவைத்துவிடாதீர்கள்.